கோப்பையை ஜெயிப்பது டிஃபென்ஸ்தானா? அமெரிக்கக் கால்பந்தின் நூறாண்டுக் கதை

1/
"அட்டாக் டிக்கெட் விற்கும், டிஃபென்ஸ் கோப்பையை வாங்கித் தரும்."

அமெரிக்கக் கால்பந்தில் பல தலைமுறையாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பழம்பெரும் கோச் பேர் பிரையன்ட் சொன்னதாக எழுதுவார்கள்.

இது உண்மையா? வரலாறு என்ன சொல்லுது? அந்த டிஃபென்ஸை ஆடியவர்களின் உடம்புக்கு என்ன ஆச்சு? கடைசிக் கேள்விதான் டாக்டரான என்னை இந்த விளையாட்டுப் பக்கம் இழுத்துட்டு வந்தது.

நீண்ட த்ரெட். பொறுமையா வாசிங்க.

2/
ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா விதிகள்.

100 கெஜ மைதானம். பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதுக்குள்ள 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. முடியலைன்னா பந்து எதிரணிக்குப் போயிடும்.

எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டு போனால் டச்டவுன், 6 பாயின்ட். கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 பாயின்ட். பந்து வைத்திருப்பவனை அவன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கினால் சேஃப்டி, 2 பாயின்ட்.

பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவரைக் கவிழ்ப்பது, பாஸைப் பறிப்பது, ஓடுபவனைக் கபடியில் மடக்குவது போலப் பிடித்துச் சாய்ப்பது எல்லாம் டிஃபென்ஸின் வேலை.

3/
ஆரம்பக் காலத்தில் பந்தை முன்னோக்கி வீசவே அனுமதி கிடையாது. கூட்டமா கைகோர்த்து மோதித் தள்ளிக்கிட்டுப் போகணும். ஹெல்மெட்டும் கட்டாயமில்லை.

1905 சீசனில் 18 பேர் இறந்ததாக அன்றைய செய்தித்தாள் கணக்கு சொல்லுது. பெரும்பாலும் மாணவர்கள். இந்த ஆட்டத்தைத் தடை செய்யணும்னு குரல் எழுந்தது.

அந்த அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார்.

1906-ல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி வீசலாம் என்றானது. ஆக, இன்னிக்கு நாம பார்க்குற அழகான பாஸ்கள் பிறந்தது உயிரிழப்புகளைக் குறைக்கத்தான். இந்த இடத்தை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

4/
அடுத்த முக்கியமான திருப்பம் 1950. அதுவரைக்கும் அதே ஆட்கள்தான் பெரும்பாலும் அட்டாக்கும் ஆடணும், டிஃபென்ஸும் ஆடணும். அந்த வருஷம் எத்தனை பேரை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் மாற்றிக்கலாம் என்பதை என்.எஃப்.எல். நிரந்தர விதியாக்கியது.

விளைவு? டிஃபென்ஸ் தனிப் பிரிவாச்சு. அதுக்குன்னு தனி ஆட்கள், தனி கோச், தனி பயிற்சி. ஜெனரல் டாக்டர் ஒருத்தரே எல்லாம் பார்த்த ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் துறைகள் வந்த மாதிரி.

5/
அந்தப் புதுத் துறையின் முதல் பெரிய மூளை டாம் லேண்ட்ரி. 1950-களில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் டிஃபென்ஸைப் பார்த்துக்கிட்டவர். முன் வரிசையில் நாலு பேர், அவங்களுக்குப் பின்னால் மூணு பேர் என்ற 4-3 அமைப்பை நிலைநிறுத்தியவர். அந்த மூவரில் நடுவில் நிற்கும் லைன்பேக்கர் எதிரணி என்ன செய்யப்போகுதுன்னு படிச்சு ஆணை கொடுப்பார்.

அந்த இடத்தில் ஆடியவர் சாம் ஹஃப். 1956-ல் ஜயன்ட்ஸ் சிகாகோ பேர்ஸை 47-7 என்று நொறுக்கி சாம்பியன் ஆனது. 1959-ல் டைம் பத்திரிகையின் அட்டையில் ஹஃப் படம் வந்தது.

யாங்கி ஸ்டேடியத்தில் ரசிகர்கள் "டீ-ஃபென்ஸ்! டீ-ஃபென்ஸ்!" என்று கத்த ஆரம்பிச்சதும் இந்தக் காலம்தான். கோல் போடுபவனுக்கு மட்டுமே கைதட்டிய கூட்டம், தடுப்பவனுக்காகவும் எழுந்து நின்றது.

6/
இப்ப 1970-கள். இடம் பிட்ஸ்பர்க், எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். அணியின் பெயரே ஸ்டீலர்ஸ். 1933-ல் தொடங்கிய அணி, நாற்பது வருஷமா ஒரு சாம்பியன்ஷிப் கூட இல்லை.

1969-ல் சக் நோல் கோச்சா வந்தார். முதல் சீசனில் 14 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. ஆனா அவர் முதலில் தேர்ந்தெடுத்த ஆள் யார் தெரியுமா? குவார்ட்டர்பேக் இல்லை. ஜோ கிரீன் என்ற டிஃபென்ஸ் வீரர்.

அவரோடு எல்.சி. கிரீன்வுட், எர்னி ஹோம்ஸ், டுவைட் வைட் சேர்ந்து முன் வரிசை நாலு பேரா உருவானாங்க. ஊர் அவங்களுக்கு வெச்ச பேர் "எஃகுத் திரை".

7/
1975 ஜனவரி 12, சூப்பர் பவுல். எதிரணி மினசோட்டா வைகிங்ஸ்.

அந்த நாலு பேரில் டுவைட் வைட் ஆட்டத்துக்கு முந்தின வாரம் நிமோனியாவோட ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுமார் 8 கிலோ எடை குறைஞ்சிருந்தது. டாக்டரா எங்கிட்ட கேட்டிருந்தா படுக்கையை விட்டே இறங்காதேன்னுதான் சொல்லியிருப்பேன். மனுஷன் நேரா மைதானத்துக்கு வந்து ஆடினார்.

முதல் பாதி முடிவில் ஸ்கோர் 2-0. அந்த 2 பாயின்ட் வந்தது ஒரு சேஃப்டியில். எதிரணி குவார்ட்டர்பேக்கை அவர் எல்லைக்குள்ளேயே மடக்கியது யார்? அதே டுவைட் வைட்.

வைகிங்ஸ் ஓடி எடுத்தது ஆட்டம் முழுக்க வெறும் 17 கெஜம். அவங்களோட ஒரே டச்டவுனும் உதையைத் தடுத்து விழுந்த பந்தில் வந்தது. எஃகுத் திரைக்கு எதிரா அவங்க அட்டாக் எடுத்த பாயின்ட் பூஜ்யம். முடிவு 16-6.

8/
அந்த ஆறு சீசனில் ஸ்டீலர்ஸ் நாலு சூப்பர் பவுல் ஜெயிச்சது. "பார்த்தீங்களா, டிஃபென்ஸ்தான் கோப்பை வாங்கித் தரும்"னு இங்கேயே த்ரெட்டை முடிச்சிடலாம்.

ஆனா அது நேர்மையா இருக்காது. ஏன்னா அந்த ஸ்டீலர்ஸின் மிகச் சிறந்த டிஃபென்ஸ், ஜெயிச்ச நாலு வருஷத்திலும் இல்லை. கோப்பை கிடைக்காத 1976-ல் இருந்தது.

9/
1976 சீசனில் முதல் ஐந்தில் நாலு தோல்வி. குவார்ட்டர்பேக் டெரி பிராட்ஷாவுக்குக் காயம். இனி ஒரு ஆட்டம் கூடத் தோற்க முடியாது என்ற நிலை.

அடுத்த ஒன்பது ஆட்டத்தையும் ஜெயிச்சாங்க. அந்த ஒன்பதில் ஐந்து ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு பாயின்ட் கூட இல்லை. ஒன்பதிலும் சேர்த்து விட்டுக்கொடுத்தது மொத்தம் 28 பாயின்ட். சராசரியா ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஃபீல்டு கோல்!

பிளேஆஃப் முதல் ஆட்டமும் ஜெயம். ஆனா அதில் ஃபிராங்கோ ஹாரிஸ், ராக்கி பிளையர் என்ற இரண்டு முக்கியமான ஓட்டக்காரர்களும் காயம்பட்டுப் போனாங்க. அந்த சீசனில் ரெண்டு பேருமே ஆயிரம் கெஜத்துக்கு மேல ஓடினவங்க.

அடுத்த ஆட்டத்தில் ஓக்லண்ட் ரெய்டர்ஸிடம் 24-7 தோல்வி. முன்னேறிப் போக ஆளில்லாத அணிக்கு எவ்வளவு எஃகும் போதலை.

10/
1978-ல் லீக் நிர்வாகமே தலையிட்டது. டிஃபென்ஸ் ரொம்ப பலமாகி ஸ்கோரே வரலை, ரசிகர்களுக்குச் சலிப்பு.

அதனால பந்தைப் பிடிக்க ஓடும் வீரரை 5 கெஜத்துக்கு அப்பால் தொட்டுத் தடுக்கக் கூடாது என்று விதி வந்தது. ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் பேரிலேயே இதை இன்னிக்கும் குறிப்பிடுவாங்க. அவர் அவ்வளவு முரட்டுத்தனமா எதிராளியை மறிப்பார்.

கதையில் ஒரு சுவாரசியம். தங்களைக் கட்டுப்படுத்த வந்த விதியை வெச்சே ஸ்டீலர்ஸ் நிறைய பாஸ் ஆடி, 1978, 1979 இரண்டு சீசனும் சாம்பியன் ஆனது. 1974-ல் ஒரே வருஷ டிராஃப்டில் அவங்க எடுத்த நாலு பேர் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவங்க. அதில் இரண்டு பேர் பாஸ் பிடிக்கிறவங்க. டிஃபென்ஸ் அணின்னு பேர் வாங்கினாலும் அட்டாக்கை அவங்க பட்டினி போடலை.

11/
அதே 1978 ஆகஸ்ட் 12. வெறும் பயிற்சி ஆட்டம், பாயின்ட் பட்டியலில் சேராது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டேரில் ஸ்டிங்லி ஒரு பாஸைப் பிடிக்கத் தாவினார். ஓக்லண்ட் ரெய்டர்ஸின் ஜாக் டேடம் மோதினார்.

ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு முறிஞ்சது. தண்டுவடம் நசுங்கியது. வயசு 26. அதுக்கப்புறம் வாழ்க்கை முழுக்க சக்கர நாற்காலி. 2007-ல் இறந்தார்.

அந்த மோதலுக்கு நடுவர் ஃபவுல் கொடுக்கலை. ஏன்னா அன்றைய விதிப்படி அது சரியான ஆட்டம்! கழுத்துத் தண்டுவடம் நம்ம சுண்டுவிரல் பருமன்தான். மூளைக்கும் கை காலுக்கும் இடையே போகும் எல்லாச் செய்தியும் அது வழியாத்தான் போகணும். அதுக்கு மாற்றுப் பாதை கிடையாது.

12/
அடுத்து 1985 சிகாகோ பேர்ஸ். "வரலாற்றிலேயே சிறந்த டிஃபென்ஸ் எது"ன்னு அமெரிக்காவில் கேட்டால் பலரும் முதலில் சொல்லும் பெயர்.

டிஃபென்ஸ் கோச் பட்டி ரையன். அவருடைய அமைப்புக்குப் பேர் "46". நாலு பேர், ஆறு பேர் என்ற கணக்குன்னு பலர் நினைக்கிறாங்க. கிடையாது. டக் பிளாங்க் என்ற பழைய வீரரின் ஜெர்சி நம்பர் அது.

தத்துவம் எளிமையானது. எதிரணி எத்தனை பேரை வெச்சுத் தடுக்குமோ, அதைவிட ஒருத்தரைக் கூடுதலா குவார்ட்டர்பேக் மேல அனுப்பு. யோசிக்க நேரமே கொடுக்காதே.

13/
சீசனில் 15 வெற்றி, ஒரே தோல்வி. பிளேஆஃபில் ஜயன்ட்ஸை 21-0, ராம்ஸை 24-0. இரண்டிலும் எதிரணிக்கு முட்டை.

1986 ஜனவரி 26 சூப்பர் பவுல். எதிரணி பேட்ரியட்ஸ். முதல் பாதி முடியும்போது பேட்ரியட்ஸ் முன்னேறிய தூரம் மைனஸ் 19 கெஜம். ஆமாங்க, மைனஸ்! தொடங்கிய இடத்திலிருந்து பின்னாடி போயிருக்காங்க. அவங்க முதல் குவார்ட்டர்பேக் ஆறு முறை வீசினார், ஒண்ணு கூடச் சேரலை.

முடிவு 46-10. ஆட்டநாயகன் ரிச்சர்ட் டென்ட், டிஃபென்ஸ் வீரர். ஹெட் கோச் மைக் டிட்காவைத் தோளில் தூக்கியது போலவே, டிஃபென்ஸ் கோச் ரையனையும் வீரர்கள் தோளில் தூக்கிக்கிட்டுப் போனாங்க.

அந்த அணியில் டேவ் டியூர்சன் என்று ஒருத்தர் இருந்தார். அவர் பேரை நினைவில் வைங்க.

14/
2000 பால்டிமோர் ரேவன்ஸ். டிஃபென்ஸ் கட்சிக்காரர்களின் வலுவான சாட்சி.

அந்த சீசனில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் ரேவன்ஸின் அட்டாக் ஒரு டச்டவுன் கூடப் போடலை. வேற எந்த அணியா இருந்தாலும் ஐந்திலும் தோத்திருக்கும். இவங்க அதில் இரண்டை ஜெயிச்சாங்க! ஒண்ணு 12-0, இன்னொண்ணு 15-10. எல்லாமே ஃபீல்டு கோல்.

16 ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது 165 பாயின்ட். 16 ஆட்ட சீசனில் அதுதான் மிகக் குறைவு.

2001 ஜனவரி 28 சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸை 34-7 என்று வென்றாங்க. அந்த 7 கூட டிஃபென்ஸ் கொடுத்தது கிடையாது. கிக்காஃபில் பந்தை வாங்கி ஒருத்தர் 97 கெஜம் ஓடியதில் வந்தது. ஆட்டநாயகன் லைன்பேக்கர் ரே லூயிஸ். ஜெயித்துக் கொடுத்த குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபரை? அடுத்த சீசனுக்கு அணி வெச்சுக்கவே இல்லை.

15/
2002 சீசனின் டாம்பா பே பக்கனியர்ஸ் கதை இன்னொரு தினுசு.

டிஃபென்ஸைக் கட்டியெழுப்பியவர் டோனி டங்கி. கோப்பை வரலைன்னு அவரை அனுப்பிட்டு, ஓக்லண்ட் ரெய்டர்ஸின் கோச் ஜான் க்ரூடனை, டிராஃப்ட் வாய்ப்புகளும் 80 லட்சம் டாலரும் கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த சீசன் இறுதிப் போட்டியில் எதிரே வந்தது யார்? அதே ரெய்டர்ஸ்!

ரெய்டர்ஸின் ஆட்டத்தை உருவாக்கியவரே இப்ப எதிர்ப்பக்கம். அவங்க குவார்ட்டர்பேக் வீசிய ஐந்து பாஸை பக்கனியர்ஸ் பறிச்சாங்க. அதில் மூணை நேரா டச்டவுனுக்கே கொண்டு போனாங்க. 48-21.

தடுப்பது உடல் பலம் மட்டும் இல்லை. எதிராளி அடுத்து என்ன செய்வான்னு முன்கூட்டியே தெரிஞ்சு வைப்பதும்தான்.

16/
2014 பிப்ரவரி 2. இது கிட்டத்தட்ட பரிசோதனைக்கூடத்தில் செஞ்ச சோதனை மாதிரி.

ஒரு பக்கம் டென்வர் பிராங்கோஸ். சீசனில் 606 பாயின்ட், லீக் வரலாற்றுச் சாதனை. குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங். மறுபக்கம் சியாட்டில் சீஹாக்ஸ், அந்த வருஷத்தின் முதல்தர டிஃபென்ஸ்.

ஆட்டம் தொடங்கி 12 நொடியில் பந்து மேனிங்கைத் தாண்டிப் பின்னாடி பறந்து சேஃப்டி. முடிவு சியாட்டில் 43, டென்வர் 8.

இரண்டு வருஷம் கழிச்சு மேனிங்குக்குக் கோப்பை கிடைச்சது. ஆனா எப்படி? அந்த சீசனில் அவர் 9 டச்டவுன் பாஸ், 17 இன்டர்செப்ஷன். வயசாகி, காயத்தோடு ஆடினார். அவரைத் தூக்கிச் சுமந்தது டென்வரின் டிஃபென்ஸ். கரோலைனா பேந்தர்ஸை 24-10 என்று வென்ற இரவின் ஆட்டநாயகன் வான் மில்லர், டிஃபென்ஸ் வீரர்.

17/
சரி, எதிர்த்தரப்பு சாட்சி?

1989 சீசன்: மிகக் குறைந்த பாயின்ட் விட்டுக்கொடுத்த அணி டென்வர். சூப்பர் பவுலில் ஜோ மொன்டானாவின் சான் ஃபிரான்சிஸ்கோ அவங்களை 55-10 என்று துவைச்சு எடுத்தது.

2022 சீசன்: ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எதிரணி குவார்ட்டர்பேக்குகளை 70 முறை கவிழ்த்த அணி. இறுதிப் போட்டியில் கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸை ஒரு முறை கூடக் கவிழ்க்க முடியலை. 38-35 தோல்வி.

அதே ஈகிள்ஸ், 2025 பிப்ரவரி 9. அதே மஹோம்ஸை ஆறு முறை கவிழ்த்தாங்க. பின்னாலிருந்து கூடுதல் ஆளே அனுப்பாம, முன் வரிசை நாலு பேரை மட்டும் வெச்சு. 40-22 வெற்றி.

18/
ஆக என் தீர்ப்பு என்ன?

டிஃபென்ஸ் மட்டுமே கோப்பை தராது. 1976 ஸ்டீலர்ஸ் சாட்சி. ஆனா பிளேஆஃபில் தோற்றால் வெளியே, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஜனவரிக் குளிர், காயம்பட்ட வீரர்கள், கையில் வழுக்கும் பந்து. அன்னிக்கு அட்டாக் சொதப்பினால், ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது டிஃபென்ஸ்தான்.

அது பந்தைப் பறிச்சுக் கொடுத்தால் பலவீனமான அட்டாக்குக்கும் முன்னேற வேண்டிய தூரம் குறையும். எல்லாத்துக்கும் மேல, எவ்வளவு பெரிய குவார்ட்டர்பேக்கா இருந்தாலும் இரண்டரை, மூணு நொடியில் நாலு பேர் மேலே பாய்ந்தால் அவரும் சாதாரண மனுஷன்தான்.

2008 பிப்ரவரியில், 18 ஆட்டம் தோற்காமல் வந்த டாம் பிரேடியின் பேட்ரியட்ஸை, சீசனில் ஆறு ஆட்டம் தோற்ற ஜயன்ட்ஸ் 17-14 என்று கவிழ்த்தது இப்படித்தான். பிரேடியை அன்னிக்கு ஐந்து முறை தரையில் சாய்ச்சாங்க.

19/
இப்ப டேவ் டியூர்சனுக்கு வருவோம்.

1985 பேர்ஸின் சேஃப்டி. 11 சீசன் ஆடியவர். ஓய்வுக்குப் பிறகு தொழிலதிபர். ஓய்வுபெற்ற வீரர்களின் ஊனமுற்றோர் உதவித்தொகை மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவிலும் உறுப்பினர். "விளையாட்டால்தான் மூளை பாதிப்பு" என்ற வாதத்தை அந்தக் காலத்தில் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

பிறகு அவருக்கே நினைவு தடுமாற்றம், தலைவலி, பார்வைக் கோளாறு. 2011 பிப்ரவரியில் 50 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி குடும்பத்துக்கு எழுதி வெச்சிருந்தார்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பரிசோதிச்சாங்க. சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் உறுதியானது.

20/
சி.டி.இ. என்றால் என்ன? எளிமையா சொல்றேன்.

மூளை மண்டையோட்டுக்குள்ள ஒரு திரவத்தில் மிதக்குது. சுமார் 1,300 - 1,400 கிராம், பனீர் மாதிரி மென்மை. வேகமா ஓடும் உடம்பு சட்டுன்னு நின்றால் மண்டையோடு நிற்கும், உள்ளே மூளை குலுங்கும், முறுக்கும். ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசாத் தடுக்காது.

மயக்கம் வரும் அளவு பெரிய அடி மட்டும் பிரச்சினை கிடையாது. எந்த அறிகுறியும் காட்டாத சின்னச் சின்ன மோதல்கள் வருஷக்கணக்கா சேர்வதும் ஆபத்து. டாவ் என்ற புரதம் நரம்பு செல்களில் தப்பாகப் படியுது. கோபம், மனச்சோர்வு, மறதி, கடைசியில் டிமென்ஷியா வரை போகலாம்.

உயிரோடு இருக்கும்போது இதை உறுதி செய்ய இன்னிக்கும் நம்பகமான டெஸ்ட் இல்லை. இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.

21/
முதன்முதலில் ஒரு என்.எஃப்.எல். வீரரின் மூளையில் இதைக் கண்டுபிடிச்சவர் நைஜீரியாவில் பிறந்த நோய்க்குறியியல் மருத்துவர் பென்னட் ஒமாலு. 2002-ல் அவர் பரிசோதித்தது மைக் வெப்ஸ்டரின் மூளை. 1974 டிராஃப்டில் ஸ்டீலர்ஸ் எடுத்த அந்த நாலு பேரில் ஒருத்தர். அட்டாக் வரிசையின் நடுவில் நின்று ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரணி முன் வரிசையோடு தலை மோதியவர்.

2005-ல் ஆய்வுக் கட்டுரை வந்ததும் லீக்கோடு தொடர்புடைய மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னாங்க. 2016-ல்தான் லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் தொடர்பு இருக்கிறது என்று வெளிப்படையா ஒப்புக்கொண்டார்.

2017-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வு: தானமா வந்த 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளையில் 110-ல் சி.டி.இ. இதை வெச்சு "ஆடினவங்கள்ல 99 சதவீதம் பேருக்கு நோய்"னு யாராவது ஃபார்வர்டு அனுப்பினா நம்பாதீங்க. அறிகுறி இருந்தவங்க குடும்பம்தான் பெரும்பாலும் தானம் செய்வாங்க. அதனால் எண்ணிக்கை கூடித் தெரியும். ஆனா அலட்சியப்படுத்த முடியாத எண்ணிக்கை என்பதில் சந்தேகமே இல்லை.

22/
பிறகு விதிகள் மீண்டும் மாறின. ஹெல்மெட்டைத் தாழ்த்தி எதிராளி மேல் மோதினால் 2018 முதல் அபராதம். தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் வெளியே எடுத்துப் பரிசோதனை.

"ஆட்டம் மென்மையாகிடுச்சு, டிஃபென்ஸை ஒழிச்சுட்டாங்க"ன்னு பழைய ரசிகர்கள் புலம்புறாங்க. 1906-லும் இதே புலம்பல் இருந்தது. அன்னிக்கு விதியை மாற்றியதால்தான் ஆட்டமே பிழைச்சது.

டிஃபென்ஸும் ஒழியலை. 2019 சூப்பர் பவுல் 13-3. சீசனில் 527 பாயின்ட் எடுத்த ராம்ஸுக்கு அன்னிக்குக் கிடைச்சது 3! தலையால் மோதாமலும் தடுக்க முடியும். அதுக்கு வேகமும் புத்தியும் கூடுதலா வேணும்.

23/
கடைசியா ஒரு டிஃபென்ஸ் வீரர். 2023 ஜனவரி 2, பஃபலோ பில்ஸின் டமார் ஹாம்லின், வயசு 24. வழக்கமான ஒரு டேக்கிள். நெஞ்சில் அடி. எழுந்து நின்றார், அப்படியே பின்னால் சரிந்தார். இதயம் நின்றுவிட்டது.

இதயத்துடிப்பின் குறிப்பிட்ட ஒரு மிகச்சிறு கணத்தில் நெஞ்சில் அடி விழுந்தால் துடிப்பின் தாளம் குலைஞ்சு போகும். கமோஷியோ கார்டிஸ் என்று பெயர்.

மைதான ஓரத்தில் இருந்த குழு ஓடி வந்து உடனே சி.பி.ஆர். தொடங்கியது. ஷாக் கொடுத்தாங்க. பிழைச்சார். அதே வருஷம் மறுபடியும் களத்தில் ஆடினார்.

அந்தக் குழு ஒவ்வொரு சீசனுக்கு முன்னாடியும் இதே காட்சியை ஒத்திகை பார்த்தவங்க. நூற்றுக்கணக்கான ஆட்டத்தில் அவங்களுக்கு வேலையே இல்லை, டிவியில் முகம் கூட வராது. வேலை வந்த அன்னிக்கு ஒரு உயிர் நின்னுச்சு. நான் பார்த்ததிலேயே சிறந்த டிஃபென்ஸ் ஆட்டம் அதுதான்.

24/
இந்த த்ரெட்டில் இருந்து மூணு விஷயம் எடுத்துக்கோங்க.

ஒண்ணு: விளையாடும்போது பிள்ளைக்குத் தலையில் அடிபட்டு தலைசுற்றல், வாந்தி, குழப்பம், ஞாபகம் தப்புதல் இருந்தா அன்னிக்கு மறுபடி ஆட விடாதீங்க. "ஒண்ணும் இல்லடா, ஆடு"ன்னு சொல்லாதீங்க. டாக்டரிடம் காட்டுங்க.

ரெண்டு: சி.பி.ஆர். கத்துக்கோங்க. அரை நாள் பயிற்சி போதும்.

மூணு: மனசு தாங்கலைன்னா தனியா இருக்காதீங்க. 14416 டெலி மானஸ், தமிழ்நாட்டில் 104. இரண்டும் இலவசம், எந்த நேரமும் பேசலாம்.

கோப்பையை ஜெயிக்க டிஃபென்ஸ் வேணும். அந்த டிஃபென்ஸை ஆடுறவன் ஐம்பது வயசிலும் தன் பிள்ளை பேரை மறக்காம இருக்கணும். அதுக்கும் சேர்த்து விதி எழுதுறதுதான் நல்ல விளையாட்டு.

பிடிச்சிருந்தா ஊர்ல கிரவுண்டு பக்கம் இருக்கிற ஒரு கோச்சுக்கு அனுப்புங்க.